வெயிலைச் சலிக்கும் தாள்

நிழல்வலை, பசுமைக்குடில் ஷீட், மூடாக்குத் தாள் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒளிக்கணக்கு

நிழல்வலை வாங்கக் கடைக்குப் போகும் விவசாயியின் முன்னால் பச்சை, கறுப்பு, வெள்ளை, சிவப்பு என நான்கைந்து சுருள்களை உருட்டிப் போடுகிறார்கள். பசுமைக்குடில் ஷீட் என்றால் குழப்பம் இன்னும் அதிகம். ‘அண்ணே, இது அஞ்சு லேயர், இது நானோ, இது யு.வி. பிளாக்’ என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார். பக்கத்துத் தோட்டத்தில் என்ன நிறம் கட்டியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ற ஒன்றை வாங்கி வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

விதை சரியில்லை என்றால் அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். உரம் சரியில்லை என்றால் அடுத்த மேலுரத்தில் சரிக்கட்டலாம். தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய ஷீட் மூன்று, நான்கு வருடம் அங்கேயேதான் இருக்கும். அதன் கீழ் வளரும் ஒவ்வொரு பயிரும் அந்த ஷீட் விடுகிற வெளிச்சத்தைத்தான் தின்ன வேண்டும். வங்கிக் கடனும் மானியமும் சேர்ந்து நிற்கும் முதலீடு அது. எனவே ஷீட்டை நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. வெயிலில் எந்தப் பங்கை உள்ளே விடுகிறது, எந்தப் பங்கை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டு வாங்க வேண்டும்.

வெயிலில் என்னென்ன இருக்கிறது?

களத்தில் தூற்றிய நெல்லில் மணி, பதர், தூசி எல்லாம் கலந்திருப்பது போல வெயிலும் ஒரு கலவை. நம் கண்ணுக்குத் தெரிவது அதில் ஒரு பங்குதான்.

முதல் பங்கு புற ஊதா ஒளி. தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் இது ஏறத்தாழ 5 சதவீதம். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பூச்சிகளின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். ஊதாவிலிருந்து சிவப்பு வரை உள்ள இந்தப் பங்கு 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அலைநீளக் கணக்கில் சொன்னால் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. இலை உணவு தயாரிப்பது இந்தப் பங்கைக் கொண்டுதான். அதிலும் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்பிவிடுவதால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது.

மூன்றாவது, சிவப்புக்கு அப்பால் உள்ள அகச்சிவப்பு. சூரிய ஆற்றலில் பாதி இதுதான். இலை இதைக் கொண்டு உணவு தயாரிப்பதில்லை. மண், ஜி.ஐ. பைப், தண்ணீர்த் தொட்டி என்று பட்ட இடத்தையெல்லாம் சூடாக்குகிறது. சித்திரை வெயிலில் பசுமைக்குடில் அடுப்பாகிப் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

இவை தவிர நான்காவதாக ஒன்று உண்டு. அது சூரியனிடமிருந்து வருவது அல்ல. சூடான மண்ணும் செடியும் சுவரும் தாமே வெளியே அனுப்புகிற வெப்பக் கதிர். இதன் அலைநீளம் பெரிது, 10 மைக்ரானை ஒட்டியது. இரவில் நிலம் குளிர்வது இந்தக் கதிர் வானத்தை நோக்கிப் போவதால்தான்.

நல்ல ஷீட் என்பது ஒரு சல்லடை. அரிசியை நிறுத்திக்கொண்டு குருணையைக் கீழே விடுவது போல, பயிருக்கு வேண்டிய பங்கை உள்ளே விட்டு, வேண்டாத பங்கை வெளியே நிறுத்த வேண்டும். நிழலைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது நம் விவசாயிகளுக்குப் புதிதும் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நட்டு, பருவத்துக்கு ஏற்பத் தழையைக் கழித்துவிடுவது அந்தக் கணக்குதான்.

மயிலிறகும் சணலும் சொல்லும் பாடம்

ஒளியைச் சலிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சாயம். பச்சை நூலில் பச்சைச் சாயம் இருக்கிறது. அது மற்ற நிறங்களை உறிஞ்சிக்கொள்கிறது. இன்னொன்று அமைப்பு. இதற்கு மயிலிறகைவிட நல்ல உதாரணம் கிடையாது. மயிலிறகில் நீலச் சாயமே இல்லை. இறகை நைத்துப் பொடியாக்கினால் பழுப்பும் கறுப்புமாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கறுப்புக் குச்சிகள் வரிசை தவறாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையின் இடைவெளிதான் நீலத்தையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. இடைவெளி மாறினால் நிறம் மாறும்.

செடிகளிலும் இப்படி உண்டு. மலேசியக் காடுகளில் அடர்ந்த நிழலில் வளரும் ஒரு பிகோனியாவின் இலை நீலமாக மினுங்கும். அதன் பசுங்கணிகங்களில் தாள் தாளாக அடுக்கிய அமைப்பு இருப்பதையும், மங்கிய வெளிச்சத்தில் கிடைக்கிற ஒளியை அது நன்றாகப் பிடித்துக்கொள்ள உதவுவதையும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டார்கள்.

பொருளின் தன்மையை மாற்றாமல், அதை அடுக்கும் விதத்தை மட்டும் மாற்றி அலைகளை வசப்படுத்தும் முயற்சியில் நம் நாட்டுக்கு ஒரு முன்னோடி இடம் உண்டு. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1898-ல் சணல் நாரை முறுக்கிக் கட்டுகளாக்கி, அவற்றின் வழியே மின்காந்த அலையைச் செலுத்தினார். நாரை வலப்பக்கம் முறுக்கினால் அலையின் தளம் ஒரு பக்கம் திரும்பியது. இடப்பக்கம் முறுக்கினால் எதிர்ப் பக்கம் திரும்பியது. சணல் அதே சணல்தான். முறுக்குதான் வேலை செய்தது.

இந்த வழியில் இன்று உருவாக்கப்படும் பொருள்களை ‘மெட்டா மெட்டீரியல்’ என்கிறார்கள். இயற்கையில் கிடைக்காத விதத்தில் ஒளியையோ ரேடியோ அலையையோ வளைக்க, திருப்ப, நிறுத்த வடிவமைக்கப்பட்ட செயற்கைப் பொருள் என்று பொருள் கொள்ளலாம். ஒளியை வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வளைக்கும் பொருள் இருந்தால் என்னவாகும் என்று சோவியத் விஞ்ஞானி விக்டர் வெசலாகோ 1967-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதைச் செய்து காட்ட 33 ஆண்டுகள் ஆயின. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரி வழி சொல்ல, அமெரிக்காவில் டேவிட் ஸ்மித் குழுவினர் செம்பு வளையங்களையும் கம்பிகளையும் வரிசையாக அடுக்கி 2000-ல் மைக்ரோ அலையில் செய்து காட்டினார்கள். 2006-ல் ஒரு செம்பு உருளையைச் சுற்றி மைக்ரோ அலை வளைந்து போகும்படி செய்து, அந்த அலையின் ‘பார்வைக்கு’ உருளையை ஏறத்தாழ மறைத்தும் காட்டினார்கள்.

இதில் விவசாயிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, அந்த அலையின் நீளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மைக்ரோ அலையின் நீளம் சென்டிமீட்டர் கணக்கு. அதற்கு மில்லிமீட்டர் வளையம் போதும். வெளிச்சத்தின் நீளமோ ஒரு மைக்ரானில் பாதி. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். வெளிச்சத்தை இப்படி வசப்படுத்தும் பொருளை ஏக்கர் கணக்கில் செய்வது கடினம் என்பதால்தான், ஆய்வகத்தில் இருக்கும் பலவும் இன்னும் கடைக்கு வரவில்லை. ‘நானோ’ என்று அச்சடித்த சுருளைப் பார்த்தால், அது எந்த ஒளியை எத்தனை சதவீதம் நிறுத்துகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாத ‘நானோ’வுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

நிழல்வலை: நிறம் என்ன செய்கிறது?

நிழல்வலையில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதம். 35, 50, 75, 90 என்று விற்கிறார்கள். 50 சதவீத வலை என்றால் வெளிச்சத்தில் பாதியை நிறுத்தும் வலை. காய்கறி நாற்றங்காலுக்கும் குடைமிளகாய்க்கும் 35 முதல் 50 சதவீதம் போதும். 75 சதவீதம் அழகு இலைச் செடிகளுக்கு உரியது. ‘வெயில் கடுமை, தடிமனாகவே வாங்கிக்கொள்வோம்’ என்று 75 சதவீத வலை கட்டி, அதன் கீழ் தக்காளி வைத்தால் செடி நெட்டையாக ஓடும், காய் குறையும்.

அடுத்தது நிறம். வலையின் கண்கள் வழியாக வரும் வெயில் மாறாமல் அப்படியே வருகிறது. நூலின் மேல் படும் ஒளிதான் மாறுகிறது.

கறுப்பு வலை ஒளியின் அளவை மட்டும் குறைக்கும், கலவையை மாற்றாது. ஆனால் தானே சூடேறி, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். பச்சை வலை பச்சை ஒளியை அதிகம் விட்டு, இலைக்கு அதிகம் பயன்படும் சிவப்பையும் நீலத்தையும் நூலில் தின்றுவிடும். நம் ஊரில் பச்சை வலை அதிகம் விற்பது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதால்தான். செடிக்கு அதனால் தனி லாபம் இல்லை. வெள்ளை வலை ஒளியைச் சிதறடித்து எல்லாப் பக்கமும் பரப்பும், சூடும் குறைவு. அலுமினிய இழை கலந்த வலை வெயிலின் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பும். விலை அதிகம் என்றாலும், கோடையில் வெப்பத்தைக் குறைக்க மற்றவற்றைவிட நன்றாகக் கைகொடுக்கும்.

நிறத்தையே ஒரு கருவியாகப் பயன்படுத்தும் ஆராய்ச்சியை இஸ்ரேலின் வோல்கனி மையத்தில் யோசேபா ஷஹாக் குழுவினர் பல ஆண்டுகள் நடத்தினார்கள். அழகு இலைச் செடிகளில் சிவப்பு, மஞ்சள் வலைகள் வளர்ச்சியைத் தூண்டின. நீல வலை செடியைக் குட்டையாக்கியது. சாம்பல் வலை கிளைப்பைக் கூட்டியது. குடைமிளகாயில் சிவப்பு, மஞ்சள், முத்து நிற வலைகளின் கீழ் கறுப்பு வலையைவிடக் கூடுதல் மகசூல் கிடைத்தது. இத்தனைக்கும் எல்லா வலைகளும் ஒரே அளவு நிழல் தருபவைதான். எனவே ‘எத்தனை சதவீதம்’ என்பதோடு ‘எந்த ஒளி’ என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

வெள்ளை ஈயின் கண்ணைக் கட்டும் ஷீட்

‘யு.வி. ஸ்டெபிலைஸ்டு’, ‘யு.வி. பிளாக்’ என்ற இரண்டையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. முதலாவது, வெயிலில் ஷீட் நொறுங்கிப் போகாமல் இருக்க மருந்து கலந்தது. ஷீட்டின் ஆயுளைக் காப்பது. பசுமைக்குடிலுக்கு வாங்கும் 200 மைக்ரான் ஷீட் எல்லாமே இப்படி இருக்க வேண்டும். இரண்டாவது, புற ஊதா ஒளியை உள்ளேயே விடாதது, பயிரைக் காப்பது.

வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன் ஆகியவை பறந்து திரியவும் செடியைக் கண்டுபிடிக்கவும் புற ஊதா ஒளியைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்த ஒளி இல்லாத குடில் அவற்றுக்கு இருட்டறை போல. உள்ளே வருவதும் குறைகிறது, வந்தாலும் பரவுவது குறைகிறது. இஸ்ரேலில் 1990களில் யெஹெஸ்கேல் அன்டிக்னஸ் குழுவினர் செய்த சோதனைகளில், இத்தகைய ஷீட்டின் கீழ் வெள்ளை ஈயும் அது பரப்பும் தக்காளி இலைச்சுருட்டை வைரஸும் வெகுவாகக் குறைந்தன. பக்கவாட்டில் 40 அல்லது 50 மெஷ் பூச்சி வலையும் இரட்டைக் கதவும் இருந்தால்தான் இந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும். பக்கம் திறந்து கிடந்தால் ஷீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாப் பயிருக்கும் இது பொருந்தாது. ஊதா நிறக் கத்தரிக்குத் தோலில் நிறம் ஏற புற ஊதா ஒளி வேண்டும். அதைத் தடுத்தால் காய் வெளிறிப்போகும், சந்தையில் விலை போகாது. தேனீக்கும் வழி கண்டுபிடிக்கப் புற ஊதா ஒளி வேண்டும். தேனீயை நம்பிக் காய்க்கும் பயிரை உள்ளே வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மகரந்தச் சேர்க்கை தேவைப்படாத குடில் வெள்ளரி ரகங்களுக்கு இந்தக் கவலை இல்லை. சிவப்பு ரோஜாவிலோ இது லாபம். இதழ் ஓரம் கறுத்துப்போவதற்குப் புற ஊதா ஒளியும் ஒரு காரணம். ஓசூர்ப் பகுதியில் ஏற்றுமதி ரோஜா வளர்ப்பவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய சேதி.

பசுமைக்குடில் இல்லாதவர்களுக்கும் இதே சூத்திரம் மலிவாகக் கிடைக்கிறது. மேலே வெள்ளி, கீழே கறுப்பு நிறம் கொண்ட மூடாக்குத் தாள் அதுதான். வெள்ளிப் பக்கம் வானத்து ஒளியைக் கீழிருந்து மேலே திருப்பி அடிப்பதால், இறங்க வரும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வானம் எது, தரை எது என்று புரிவதில்லை. கறுப்புப் பக்கம் களையை முளைக்கவிடாது. வெள்ளிப் பக்கம் மேலே இருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி விரித்துவிடுவது உண்டு. செடி வளர்ந்து தாளை மூடிய பிறகு இந்தப் பலன் குறைந்துவிடும். ஆனால் வைரஸ் வந்தால் அதிக நட்டம் தருவது நட்ட முதல் சில வாரங்களில்தான். அந்தக் காலத்தைக் கடத்திக் கொடுத்தாலே தாளின் விலை கிடைத்துவிடும்.

சிதறிய ஒளி கீழ் இலைக்கும் போகும்

கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் ஷீட்தான் நல்ல ஷீட் என்பது தவறான எண்ணம். தெளிவான ஷீட் வழியாக வரும் வெயில் நேராக மேல் இலையில் விழும். மேல் இலை கருகும்; கீழ் இலை இருட்டில் கிடக்கும். பால் போல மங்கலாக இருக்கும் சிதறல் ஷீட் அதே வெளிச்சத்தைப் பல திசைகளிலும் பிரித்து அனுப்பும். கீழ் இலைகளும் வேலை செய்யும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வு மையத்தில் சிதறல் கண்ணாடியின் கீழ் வளர்த்த வெள்ளரி, தக்காளி மகசூல் சாதாரணக் கண்ணாடியைவிடக் கூடியது.

சிதறலைச் சோதிக்கக் கருவி வேண்டாம். நடுப்பகலில் ஒரு முழ ஷீட்டை வெயிலில் பிடித்து, அதன் கீழ் ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டுங்கள். தரையில் விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் அது தெளிவான ஷீட். நிழல் மங்கிக் கரைந்திருந்தால் சிதறல் ஷீட். நம் ஊர் வெயிலுக்கு இரண்டாவதுதான் ஏற்றது.

சூட்டை வானத்துக்கு அனுப்புவது

தக்காளியில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, பூ உதிரத் தொடங்கும். கோடையில் சமவெளிக் குடில்களில் இதுதான் பெரிய பிரச்சினை. சூரிய ஆற்றலில் பாதியாக இருக்கும் அகச்சிவப்பை மட்டும் வெளியே நிறுத்தி, வெளிச்சத்தை உள்ளே விட்டால் பிரச்சினை பாதி தீரும். அப்படிப்பட்ட ஷீட்டுகளும், ஷீட்டின் மேல் பூசும் பூச்சுகளும் வெளிநாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் எந்த ஷீட்டும் காற்றோட்டத்துக்கு மாற்று ஆகாது. குடிலின் உயரம், மேல் திறப்பு, பக்கத் திறப்பு ஆகியவை சரியாக இருந்த பிறகுதான் ஷீட்டின் பலன் தெரியும்.

இதைவிட ஒரு படி மேலே போகும் ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ளப் பனியைப் பார்த்தால் போதும். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மேகம் இல்லாத இரவில் வெட்டவெளிப் புல்லில் பனி கோத்திருக்கும், மரத்தடியில் இருக்காது. வெட்டவெளியில் புல்லின் வெப்பக் கதிர் தடையின்றி வானத்துக்குப் போய்விடுவதால், புல் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்கிறது. மரத்தடியில் கிளைகள் அந்தக் கதிரைத் தடுத்துத் திருப்பித் தருகின்றன. பனிக்கட்டி இயந்திரம் வராத காலத்தில் அலகாபாத் பக்கம் குளிர்கால இரவுகளில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் அகலமான மண் தட்டுகளில் தண்ணீர் வைத்து, விடியலில் பனிக்கட்டி எடுத்தது இந்த முறையில்தான்.

8 முதல் 13 மைக்ரான் வரை நீளமுள்ள வெப்பக் கதிரைக் காற்று அவ்வளவாகத் தடுப்பதில்லை. வானத்தில் திறந்திருக்கும் ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலை முழுக்கத் திருப்பி அனுப்பி, தன் சூட்டை இந்த ஜன்னல் வழியே வெளியேற்றும் பொருள் ஒன்று இருந்தால், அது நடுப்பகலிலும் குளிரும். சஹாரா பாலைவனத்தின் வெள்ளி எறும்பு இப்படித்தான் பிழைக்கிறது. அதன் முக்கோண வடிவ முடிகள் வெயிலைத் திருப்பி அனுப்பி, உடல் சூட்டை வெளியேற்றுகின்றன என்று 2015-ல் கண்டறிந்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014-ல், மெல்லிய ஏழு அடுக்குகளால் ஆன ஒரு தகடு, நேர் வெயிலில் சுற்றுக் காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்தது. மின்சாரம் எதுவும் தரவில்லை. 2017-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் இதைச் சுருளாகவே தயாரித்துக் காட்டினார்கள். 50 மைக்ரான் பிளாஸ்டிக் தாளில் நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து, பின்பக்கம் வெள்ளி பூசினார்கள். அது வெயிலில் 96 சதவீதத்தைத் திருப்பி அனுப்பி, நடுப்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு 93 வாட் சூட்டை வெளியேற்றியது. ஒரு மின்விசிறி ஓட்டத் தேவையான சக்தியைவிட அது அதிகம். வெளிச்சத்தை வடிவமைப்பால் வசப்படுத்தும் பொருளைச் சாதாரணப் பிளாஸ்டிக் ஷீட் போலவே உருட்டி எடுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இந்தத் தாள் பயிருக்கு மேலே கட்டுவதற்கு அல்ல. வெயிலை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவதால் கீழே இருட்டாகிவிடும். காய்கறித் தரம் பிரிக்கும் கொட்டகை, பால் சேகரிப்பு நிலையம், விதைக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் கூரைக்குத்தான் இது பொருந்தும். அறுவடை செய்த காய்கறி அரை நாள் தகரக் கொட்டகையில் வாடுவதால் வரும் நட்டத்தை நினைத்தால், பயன் சிறியதல்ல. அது கைக்கு வரும்வரை கூரைக்கு வெள்ளையடிப்பதே நாம் செய்யக்கூடியது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையைச் சுண்ணாம்பும் ஓரளவு செய்கிறது.

மலைப்பகுதி விவசாயிகளுக்குத் தேவை இதற்கு நேர் எதிர். சாதாரணப் பாலித்தீன் வெப்பக் கதிரை எளிதாக வெளியே விட்டுவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவில் குடிலின் உட்புறம் வெளியைவிடக் குளிர்ந்துவிடுவதும் உண்டு. அங்கே வெப்பக் கதிரை உள்ளே நிறுத்தும் ‘தெர்மிக்’ வகை ஷீட் வாங்க வேண்டும். சமவெளியில் அதே ஷீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

1. எத்தனை மைக்ரான்? வெயில் தாங்கும் உத்தரவாதம் எத்தனை வருடம்? எழுத்தில் தருவார்களா?

2. 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் உள்ளே வரும்?

3. சிதறல் எத்தனை சதவீதம்?

4. புற ஊதாவைத் தடுக்கும் ஷீட்டா, விடும் ஷீட்டா? நம் பயிருக்கு எது வேண்டும்?

5. அகச்சிவப்பைக் குறைக்குமா? குறைக்கும் என்றால் எத்தனை சதவீதம்?

இந்த விவரங்கள் தயாரிப்பாளரின் தரத்தாளில் இருக்கும். பில்லோடு அதையும் வாங்கி வையுங்கள். மானியத்தில் கட்டுபவர்கள், ஷீட்டின் தரம் திட்ட விதிக்குப் பொருந்துகிறதா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் பழைய பயனாளியின் பேச்சை மட்டும் நம்பக் கூடாது.

கட்டிய பிறகும் வேலை இருக்கிறது. தூசி படிந்த ஷீட் வெளிச்சத்தைக் குறைக்கும். தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ஷீட் தொடும் இடங்களில் பைப்புக்கு வெள்ளை வண்ணம் பூச வேண்டும். சூடான இரும்பு பட்ட இடத்தில்தான் ஷீட் முதலில் கிழியும். கந்தகமும் குளோரினும் கலந்த மருந்துகள் ஷீட்டில் கலந்துள்ள காப்பு மருந்தைக் கெடுக்கும். குடிலுக்குள் கந்தகப் புகை போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

வலை சொன்ன சதவீதம் நிழல் தருகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

லக்ஸ் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் செல்போனில் வெளிச்சம் அளக்கும் செயலி போதும். மேகமில்லாத நடுப்பகலில் வெளியே ஒரு முறையும், அதே போனை அதே நிலையில் வைத்து வலையின் கீழ் ஒரு முறையும் அளக்க வேண்டும். வெளியே 80,000, கீழே 40,000 என்றால் 50 சதவீதம். எண் துல்லியமாக இருக்காது என்றாலும் விகிதம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். கறுப்பு, வெள்ளை வலைகளுக்கு இது பொருந்தும். நிற வலைகளில் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும்.

நிழல்வலையில் மிளகாய் நாற்று நெட்டையாக, மெலிந்து வளர்கிறது. என்ன செய்யலாம்?

நிழல் அதிகம். 50 சதவீதத்துக்கு மேற்பட்ட வலை என்றால் மாற்ற வேண்டும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து காலை, மாலை வெயிலைக் காட்டி, படிப்படியாக நேரத்தைக் கூட்டி, நாற்றைக் கடினப்படுத்தி நட வேண்டும்.

கோடையில் பசுமைக்குடில் ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாமா?

சித்திரை, வைகாசியில் மெல்லிய சுண்ணாம்புக் கரைசலை வெளிப்பக்கம் தெளிக்கலாம். சுண்ணாம்பு வெப்பத்தோடு வெளிச்சத்தையும் குறைக்கும் என்பதால் கனமாக அடிக்கக் கூடாது. மேகமூட்டமான பருவம் தொடங்கியதும் கழுவிவிட வேண்டும். அதை மறந்தால் செடி வெளிச்சப் பசியில் கிடக்கும்.

பழைய ஷீட்டையும் வலையையும் வரப்பில் போட்டு எரித்துவிடலாமா?

கூடாது. புகை மனிதருக்கும் கால்நடைக்கும் கேடு. எரியாத துணுக்குகள் மண்ணில் தங்கும், மாடு மேயும்போது வயிற்றில் போகும். மூடாக்குத் தாளைத் துண்டு துண்டாகக் கிழியும்வரை விடாமல், அறுவடை முடிந்ததும் முழுதாகச் சுருட்டி எடுத்து, பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் போட்டுவிட வேண்டும்.